காந்தியடிகளின் கணக்கேடு

கத்தியவார்ப் பகுதியிலுள்ள போர்பந்தர் என்னும் கடற்கரை நகரில் 1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி பிறந்தார். அவர்தம் தந்தையார் கரம்சந்த் காந்தி சிற்றரசர்களிடம் திவானாக விளங்கியவர். நேர்மையும் துணிவும் மிக்கவர். ஆயினும் பொருளைத் திரட்டிச் சேர்த்துவைக்கும் விருப்பம் அவரிடம் இருந்ததில்லை. ஆதலின், 1885இல் அவர் மறைந்தபோது மக்களுக்கு விட்டுச்சென்ற செல்வம் மிகச் சிறிதே. குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு மூத்த தமையனார் இலட்சுமிதாசரின் தோள்மீது விழுந்தது.

தம்பியை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்கிவிட்டால் குடும்பம் மீண்டும் தலைநிமிரும் என்று தமையனார் நம்பினார். அதற்கு வேண்டும் பொருளோ கையில் இல்லை. மனைவியார் கஸ்தூரிபாயின் நகைகளை விற்றால் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் தேறும் என்று காந்தியார் எண்ணினார். தமையனார் எவ்வாறேனும் பணம் திரட்டித் தருவதாகக் கூறினார். கடல் கடந்து செல்லலாகாது என்று சாதியார் தடை விதித்தமையால், உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்த பயணப் பணமும் உரிய நேரத்தில் கிட்டாமற் போயிற்று. நண்பர் ஒருவர் கடன் கொடுத்து உதவினார். இவ்வளவு இடர்ப்பாட்டிற்குப் பின்னரே 1888ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள், பத்தொன்பது வயது நிரம்பாத அவ்விளைஞர் பம்பாயில் கப்பல் ஏறினார்.

கடன்பட்டுக் கற்கச் சென்றவர் கருத்தாகச் செலவு செய்திருப்பார் என்றே நாம் எண்ணுவோம். நிகழ்ந்தது வேறு. இலண்டன் மாநகரின் பகட்டு அவரை முதலில் மயக்கிவிட்டது. ஆங்கிலேயக் கனவான் போலத் தோற்றமளிக்க வேண்டும் என்னும் ஆசை மிகுந்தது. பாண்டுத் தெருவில் 10 பவுன் கொடுத்து மாலை விருந்துக்குரிய உடை தைத்துக்கொண்டார். 19 ஷில்லிங்குக்கு உயர்ந்த தொப்பி ஒன்று வாங்கினார். கடிகாரத்திற்கு இரட்டை வடப் பொற்சங்கிலி வேண்டுமென்று தமையனாருக்கு எழுத, அவரும் அனுப்பிவைத்தார். நடனம் பயில 3 பவுன், பிடில் வாங்க 3 பவுன், சொல்வன்மை கற்பிக்கும் ஆசிரியர்க்கு முதற் கட்டணம் ஒரு கினி எனப் பணம் நீராய் ஓடியது. நடனத்தில் தாளத்திற்கேற்பக் கால் வரவில்லை. பிடிலில் இசை எழவில்லை. இம்மயக்கம் மூன்று திங்கள் அளவே நீடித்தது. தாம் இங்கிலாந்தில் வாழ வந்தவரல்லர், கற்க வந்தவர் என்னும் நினைவு ஒருநாள் உறைத்தது. பிடில் விற்கப்பட்டது, பாடங்கள் நின்றன.

அம்மயக்கக் காலத்திலும் ஒரு நற்பழக்கம் அவரிடம் இருந்தது. செலவிடும் ஒவ்வொரு காசுக்கும் அவர் கணக்கு எழுதினார். வண்டிக் கட்டணம், அஞ்சல் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த இரண்டொரு செப்புக் காசு ஆகிய எதுவும் ஏட்டில் ஏறாமல் தப்பியதில்லை. ஒவ்வோர் இரவும் உறங்கச் செல்லுமுன் வரவையும் செலவையும் கூட்டி, கையிருப்போடு ஒத்துப் பார்ப்பார். பிற்காலத்தில் இலக்கக்கணக்கான பொதுப்பணம் அவர் கைவழியே சென்றபோதும், அவர் நடத்திய இயக்கங்கள் கடனில் மூழ்காது மிச்சம் காட்டியமைக்கு இந்த இரவுக் கணக்கே வித்தாக அமைந்தது. மயக்கத்தைத் தெளிவித்ததிலும் இவ்வேட்டிற்குப் பங்கு உண்டு. கணக்கு எழுதாதவனுக்குப் பணம் போன வழி தெரியாது. எழுதியவருக்கோ, அது யார் வீட்டுப் பணம் என்பதும் தெரிந்துவிட்டது. திங்கள்தோறும் 8 பவுன் முதல் 15 பவுன் வரை செலவிட்ட இந்திய மாணவர் பலர் உதவிப்பணம் பெற்றுப் பயில்பவர். தமக்கோ, ஊரில் இடருற்றுக்கொண்டே கேட்டபோதெல்லாம் பணம் அனுப்பும் தமையனார் ஒருவரே துணை என்பதை அவர் எண்ணிப் பார்த்தார், உள்ளம் நொந்தார்.

அதன்பின் வாழ்க்கை முறையையே மாற்றலானார். அதுகாறும் ஓர் ஆங்கிலக் குடும்பத்தாரோடு வாரக் கட்டணம் செலுத்தித் தங்கியிருந்தார். அவ்வீட்டாரை நாகரிகம் கருதி அவ்வப்போது விருந்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். வண்டிக் கட்டணமும் கொடுக்கவேண்டும். அக்குடியிருப்பை விட்டுத் தனியே அறைகளை வாடகைக்கு எடுத்தார். செல்லவேண்டிய இடத்தை அரைமணி நேரத்தில் நடந்தே அடையக்கூடிய தொலைவில் அவ்வறைகளைத் தேர்ந்தமையால் வண்டிக் கட்டணம் முற்றும் மிச்சமாயிற்று. நாள்தோறும் 8 முதல் 10 மைல் வரை நடந்ததனால் உடலும் உறுதி பெற்றது. அந்நகரின் ஏழை மாணவர் சிலர் வாரத்திற்கு 2 ஷில்லிங் வாடகையில் குடிசைப் பகுதியில் தங்கி, மலிவான உண்டிச்சாலையில் இரண்டு பென்னிக்கு ரொட்டியும் கோக்கோவும் உண்டு கற்று வருவதை அறிந்தபோது, தமக்கு இரண்டு அறை எதற்கு என்று ஒன்றைக் கைவிட்டார். அடுப்பு ஒன்று வாங்கிக் காலை உணவைத் தாமே சமைத்தார். ஓட்ஸ் கஞ்சி காய்ச்சவும் கோக்கோவுக்கு வெந்நீர் வைக்கவும் இருபது நிமிடத்திற்குமேல் ஆவதில்லை. நண்பகல் உணவு வெளியில். இரவில் அறையிலேயே ரொட்டியும் கோக்கோவும். ஊரிலிருந்து வரவழைத்த இனிப்புகளும் மசாலைப் பொருள்களும் நின்றன. இவ்வாறு நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்னியில் வாழ அவர் கற்றுக்கொண்டார்.

அக்காலத்து ஆங்கில நாணயத்தில் 12 பென்னி கொண்டது ஒரு ஷில்லிங்; 20 ஷில்லிங் கொண்டது ஒரு பவுன். மாணவர் கணக்கிட்டுப் பார்ப்பாராக. பாண்டுத் தெருவில் ஓர் உடைக்கு அவர் கொடுத்த 10 பவுன், இப்புதிய வாழ்க்கையில் 160 நாட்களுக்குப் போதிய பணமாகும்.

இச்சுருக்கத்தால் அவர் வாடிவிடவில்லை, படிப்பும் குன்றவில்லை. அவ்வாண்டுகளிலேயே இலண்டன் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்விலும் இரண்டாம் முறை எழுதி வெற்றி பெற்றார். 1891ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் பட்டம் பெற்று, 12ஆம் நாளே தாயகத்திற்குக் கப்பல் ஏறினார்.

தாயகத்தில் வழக்கறிஞர் தொழில் செழிக்கவில்லை. 1893இல் தாதா அப்துல்லா என்னும் வணிகரின் வழக்கின் பொருட்டு, 105 பவுன் ஊதியத்திற்கு ஒப்பித் தென்னாப்பிரிக்கா சென்றார். ஓராண்டுப் பணிக்காகச் சென்றவரை, ஆங்கு இந்தியர் பட்ட இழிவு இருபத்தோர் ஆண்டுகள் நிறுத்திவைத்தது. அவ்வரலாறு விரிவானது, அதில் அவர்தம் வீட்டு வரவுசெலவு பற்றிய பகுதியே ஈண்டுக் கூறப்படுகின்றது.

டர்பன் நகரில் தொழில் பெருகியபோது, பாரிஸ்டருக்குரிய தோற்றத்தோடு வாழவேண்டிய கட்டாயம் நேர்ந்தது. காலர் என்னும் கழுத்துப்பட்டையை நாள்தோறும் மாற்றவேண்டும். சட்டையை ஒன்றுவிட்டு ஒருநாளேனும் மாற்றவேண்டும். சலவைக் கூலி மிகுதி. துணியும் உரிய நாளில் வந்து சேர்வதில்லை. இரண்டு மூன்று டசன் சட்டையும் காலரும் இருந்தும் போதவில்லை. காந்தியார் சலவைக் கலைபற்றிய நூலொன்றை வாங்கிப் படித்துத் தாமும் கற்று, மனைவியாருக்கும் கற்பித்தார். அவர் தம் கையால் வெளுத்த முதற் காலரின் கதை சுவையானது. கஞ்சி அளவுக்கு மிஞ்சிவிட்டது. இஸ்திரிப் பெட்டியோ போதிய அளவு காயவில்லை. துணி கருகிவிடுமோ என்னும் அச்சத்தால் அழுத்தித் தேய்க்கவும் இல்லை. அந்தக் காலரோடு அவர் வழக்கு மன்றத்தில் நிற்கையில் கஞ்சித் துகள் பொலபொலவென உதிர்ந்தது. உடன் தொழில் செய்வோர் நகைத்தனர். காந்தியார் நாணவில்லை, முதல் முயற்சியில் இது இயல்பே என்று கூறி, நண்பர்களுக்கு இவ்வளவு மகிழ்ச்சி தந்தது ஊதியமே என்று தாமும் சிரித்தார். நாளடைவில் அக்கலையில் தேர்ந்துவிட்டார். 1912இல் தென்னாப்பிரிக்கா வந்த கோகலே பெருமான், மாமேதை ரானடே தமக்குப் பரிசளித்த அங்கவஸ்திரத்தை விருந்தொன்றுக்கு அணிய விரும்பினார். அது கசங்கியிருந்தது, வெளியே கொடுத்து வாங்க நேரமில்லை. அதனைத் தேய்த்துக் கொடுத்தவர் காந்தியாரே. உயிரினும் மேலாகப் போற்றிய அவ்வாடையை அவர் கையில் ஒப்படைக்க முதலில் தயங்கிய கோகலே, பின்னர் அவ்வேலைத் திறத்தைப் பாராட்டினார்.

முடி திருத்தும் கலை கைவந்த வரலாறோ கசப்பில் தொடங்கியது. பிரிட்டோரியா நகரில் வெள்ளையர் ஒருவர், நிறத்தைக் காரணமாகக் காட்டி அவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். காந்தியார் உடனே முடிவெட்டும் கருவி ஒன்றை வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்புறம் ஒருவாறு அமைந்தது, பின்புறம் பாழாயிற்று. தலையை எலி கடித்துவிட்டதோ என்று மன்றத்தில் கேட்டனர். அன்று தொடங்கிய தற்சார்பு இறுதிவரை நின்றது.

தமக்கென்று சுருக்குவது எளிது. மனைவி மக்களையும் அவ்வழியில் நடத்துவது அரிது. 1901இல் தாயகம் திரும்பப் புறப்பட்டபோது, மக்கள் நன்றியோடு பொன்னும் வைரமும் கடிகாரச் சங்கிலிகளும் பரிசாகக் குவித்தனர். அவற்றுள் கஸ்தூரிபாய்க்கென்று தந்த 50 கினி பெறுமான பொன்னாரமும் ஒன்று. பொதுத்தொண்டுக்குக் கிடைத்த பொருள் பொதுவுக்கே உரியது என்று காந்தியாரின் உள்ளம் கூறியது. அன்றிரவு உறக்கம் வரவில்லை. அறையில் உலவிக்கொண்டே இருந்தவர், விடியுமுன் அவற்றை அறக்கட்டளைக்கு எழுதி முடித்தார். பிள்ளைகள் எளிதில் இசைந்தனர். கஸ்தூரிபாய் இசையவில்லை. தமக்கு வேண்டாவிடினும் நாளை வரும் மருமகள்மார்க்கு வேண்டுமே என்றார். இரவும் பகலும் தாம் உழைத்த உழைப்பும் தொண்டாகாதோ என்று கேட்டுக் கண்ணீர் விட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லை என்று கூற இயலாது. அவ்வீட்டில் எத்தனையோ விருந்தினர்க்குச் சமைத்துப் போட்டவர் அவர். ஆயினும் கணவர் உறுதி தளரவில்லை. நகைகள் யாவும் வங்கியில் வைக்கப்பட்டுச் சமூகப் பணிக்கு உரியவாயின. பிற்காலத்தில் கஸ்தூரிபாயும் அச்செயலின் தகுதியை உணர்ந்தார்.

மீண்டும் தென்னாப்பிரிக்கா சென்றபின் ஜோகன்னஸ்பர்க்கில் அவர் தொழில் ஓங்கியது. வருவாய் உயர உயர வீட்டுச் செலவு குறைந்துகொண்டே வந்தமைதான் வியப்பு. கடையில் மாவு வாங்குவதற்கு மாறாக 7 பவுன் விலையில் இரும்புத் திரிகை ஒன்றை வாங்கி, வீட்டிலேயே கோதுமை அரைத்தனர். இருவர் சேர்ந்து சுற்றினால் எளிதில் ஓடும் அத்திரிகையைக் காந்தியாரும் பிள்ளைகளும் விருந்தினரும் மாறிமாறிச் சுற்றினர். 1904இல் இரயில் பயணத்தின்போது ரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞரின் நூலொன்றை ஓர் இரவில் படித்து முடித்தார். அதன் பயனாக அவ்வாண்டே டர்பனை அடுத்துப் பீனிக்ஸ் குடியிருப்பு தோன்றியது. அங்கு உழைப்போர் யாவர்க்கும், நிறவேற்றுமையும் தொழில் வேற்றுமையும் இன்றி, மாதத்திற்கு 3 பவுன் என்பது திட்டம். முன்னர்ப் பம்பாயில் 10,000 ரூபாய்க்கு எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டையும் கைவிட்டார். அதுவரை மிச்சப் பணத்தைத் தமையனாருக்கே அனுப்பி வந்தவர், இனி அது பொதுநலனுக்கே உரியது என்று எழுதியபோது, தமையனார் பெரிதும் வருந்தினார். தம்மைப் படிக்கவைத்தவர் மனம் புண்பட்டமை காந்தியாருக்கும் ஆறாத் துயரமாயிற்று. சிக்கன வாழ்வின் விலை எப்பொழுதும் காசாக மட்டும் இருப்பதில்லை.

இதுகாறும் கூறியவை ஒரு குடும்பத்தின் செய்திகள். இனிக் கூறப்போவது, பல குடும்பங்களின் சோறு ஒரு போராட்டத்தின் முடிவையே தீர்மானிக்க நின்ற காலம். 1906இல் டிரான்ஸ்வால் அரசு, இந்தியர் யாவரும் கைவிரல் அடையாளம் பதிந்து பதிவுச்சீட்டுப் பெறவேண்டும் என்னும் இழிவான சட்டத்திற்கு முனைந்தது. அதற்குப் பணிவதில்லை என்று அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் இந்தியர் உறுதி பூண்டனர். 1908 முதல் ஆடவர் அணி அணியாகச் சிறை சென்றனர். அவருள் தமிழர் மிகப் பலர். சிறு வணிகரும் கூடை தூக்கி விற்போரும் ஆகிய அவர்கள் சிறைப்பட்டால், வீட்டில் அடுப்பு எரிவது யாங்ஙனம்? சிறைக்கு அஞ்சாத ஆண்மகனும் பிள்ளையின் பசிக்கு அஞ்சுவான். போராட்டம் உடையுமாயின் அங்குத்தான் உடையும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தேவையறிந்து திங்கள்தோறும் பணம் கொடுக்கப்பட்டது. அம்முறையில் குறை இருந்தது. ஐவர் உள்ள வீட்டிற்கும் ஒருவர் உள்ள வீட்டிற்கும் ஒரே அளவு கொடுத்தல் தகாது. அவரவர் கேட்கும் அளவு கொடுக்கலாம் என்றாலோ, நாணமுடையோர் குறைத்துக் கேட்டு வருந்துவர். நாணமற்றோர் மிகுத்துக் கேட்டுப் பெறுவர். 1909இன் இறுதியில் ரத்தன் டாட்டா 25,000 ரூபாய் நன்கொடை அளித்தார். பேருதவியே ஆயினும், முடிவு தெரியாத போருக்கு எத்தொகைதான் போதும்? குடும்பங்கள் யாவும் ஓரிடத்தில் கூடி வாழ்ந்து, ஓர் உலையில் சமைத்து, தம் கையால் உழைத்தாலன்றி இப்போரை நீட்டிக்க இயலாது என்று காந்தியார் தெளிந்தார்.

அவர்தம் நண்பர் ஹெர்மன் காலன்பாக் கட்டடக் கலைஞர், ஜெர்மானிய யூதர், செல்வச் செழிப்பில் வாழ்ந்தவர். வீட்டு வாடகை நீங்கலாகத் தமக்கென்றே மாதம் 1,200 ரூபாய் செலவிட்டவர், காந்தியாரோடு பழகியபின் 120 ரூபாயில் வாழலானார். அவர் 1910ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் 1,100 ஏக்கர் நிலம் வாங்கி, சத்தியாக்கிரகிகள் வாடகையின்றிப் பயன்படுத்த அளித்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். லாலி என்னும் இரயில் நிலையத்திலிருந்து ஒரு மைல். ஆரஞ்சும் ஆப்ரிகாட்டும் பிளமும் பழுக்கும் ஏறத்தாழ ஆயிரம் மரங்கள், இரண்டு கிணறுகள், சிறு ஊற்று ஒன்று, குன்றின் அடியில் ஒரு சிறு வீடு ஆகியவை அங்கு இருந்தன. ருசியப் பேரறிஞரின் பெயரால் அது டால்ஸ்டாய் பண்ணை எனப்பட்டது.

ஏறத்தாழ நாற்பது இளைஞரும், முதியோர் சிலரும், பெண்டிர் ஐவரும், இருபது முப்பது பிள்ளைகளும் தொடக்கத்தில் குடியேறினர். இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் பார்சிகளும் கலந்திருந்தனர். தமிழும் தெலுங்கும் குசராத்தியும் இந்தியும் ஒலித்தன. தகரக் கூரை வேய்ந்த கட்டடங்கள் எழும்வரை இரண்டு திங்கள் கூடாரங்களில் தங்கினர். கல் சுமந்தோரும் மரம் அறுத்தோரும் பெரும்பாலும் அவர்களே. கட்டில் ஒன்றும் இல்லை. ஒவ்வொருவர்க்கும் இரண்டு கம்பளம், மரத்தாலாகிய தலையணை ஒன்று, தரையே படுக்கை. ஏவலாள் இல்லை. துப்புரவுப் பணியையும் நகருக்குச் சென்று பண்டம் வாங்கி வரும் பொறுப்பையும் தம்பி நாயுடு ஏற்றார்.

உணவே பெருஞ்செலவு ஆதலின், அதனைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். இரண்டு மூன்று அடுப்பு எரித்தால் விறகும் பண்டமும் வீணாகும். ஓர் அடுப்பானால் எல்லார்க்கும் ஏற்ற உணவு யாது? புலால் உண்டு பழகிய இசுலாமியரும் கிறித்தவரும் இருந்தனர். அவர்கள் கேட்டால் மறுக்காமல் தருவதே கடமை என்று உள்ளத்தில் உறுதிசெய்துகொண்டே, காந்தியார் அப்பெண்டிரிடம் நிலைமையை எடுத்துரைத்தார். கணவரோ மைந்தரோ சிறையில் வாட இருந்த அம்மகளிர், எளிய மரக்கறி உணவே போதும் என்று மனமுவந்து இசைந்தனர். காலை 6 மணிக்கு ரொட்டியும், கோதுமையை வறுத்துப் பொடித்துக் காய்ச்சிய காப்பியும், 11 மணிக்குச் சோறும் பருப்பும் காய்கறியும், மாலை 5.30 மணிக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது ரொட்டியும் காப்பியும். கோதுமையைத் திரிகையில் அரைத்துத் தவிடு நீக்காமலே ரொட்டி சுட்டனர். வெண்ணெய்க்கு மாறாக வேர்க்கடலையை வறுத்து அரைத்து வழித்தெடுத்தனர். அது வெண்ணெயினும் நான்கு மடங்கு மலிவு. தோட்டத்து ஆரஞ்சு, பழப்பாகு ஆயிற்று.

உடைக்குச் சிறைக் கைதியர் அணியும் மாதிரியில் முரட்டு நீலத் துணி வாங்கி, தொழிலாளர் அணியும் கால்சட்டையும் மேற்சட்டையும் பெண்டிரே தைத்தனர். செருப்புத் தைக்கும் தொழிலைக் காலன்பாக், மரியன்ஹில் என்னுமிடத்திலுள்ள துறவியர் மடம் சென்று கற்று வந்து காந்தியாருக்குக் கற்பித்தார். காந்தியார் மற்றவர்க்குக் கற்பித்தார். பின்னர்ச் சிறையில் இருந்தபோது தாம் தைத்த செருப்பு ஓரிணையை, தம்மைச் சிறையிட்ட ஸ்மட்ஸ் தளபதிக்கே அவர் அன்பளிப்பாக அனுப்பியது உலகறிந்த செய்தி.

பண்ணையின் விதிகளுள் கடுமையானது ஒன்று உண்டு. பொதுவேலைக்காக நகர் செல்வோர் இரயிலில் மூன்றாம் வகுப்பில் செல்லலாம். சொந்த வேலைக்கோ பொழுதுபோக்கிற்கோ செல்வோர் நடந்தே செல்லவேண்டும். பண்ணை ரொட்டியும் கடலை வெண்ணெயும் பழப்பாகும் கட்டிக்கொண்டு செல்லவேண்டும். நகரில் வாங்கி உண்ணலாகாது. 21 மைல், அஃதாவது ஏறத்தாழ 34 கிலோமீட்டர்! பின்னிரவு இரண்டு மணிக்குப் புறப்படுவோர் ஆறேழு மணி நேரத்தில் நகரை அடைந்து, அன்றே நடந்து திரும்பினர். 4 மணி 18 நிமிடத்தில் ஒருவர் நடந்து முடித்ததே மிக விரைவானது. இவ்விதி இல்லையேல் நூற்றுக்கணக்கான ரூபாய் இரயிலுக்கும் நகரத்துத் தின்பண்டத்திற்கும் போயிருக்கும். இளைஞர் இதனைத் தண்டனையாகக் கருதாமல் போட்டியாகக் கொண்டு மகிழ்ந்தனர்.

பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடந்தது. ஆசிரியர்க்குக் கொடுக்கப் பணம் இல்லாமையால் காந்தியாரும் காலன்பாக்குமே கற்பித்தனர். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவர் காந்தியாரே. கப்பலிலும் சிறையிலும் போப்பையரின் தமிழ்க் கையேட்டைக் கொண்டு தாம் கற்ற சிறு தமிழை வைத்துக்கொண்டு, தமிழே தாய்மொழியான பிள்ளைகள் முன் அவர் நின்றார். தம் குறையை அவர் மறைக்கவில்லை. பிள்ளைகளும் அவரை நகைக்கவில்லை. காலை முழுதும் வயல்வேலை ஆதலின், நண்பகல் உணவுக்குப் பின்னரே வகுப்பு. மாணவரும் உறங்கிவிழுவர், ஆசிரியரும் உறங்கிவிழுவர். கண்ணில் நீர் தெளித்துக்கொண்டு மீண்டும் பாடம் தொடங்குவர்.

கோகலே பெருமான் 1912இல் இப்பண்ணைக்கு வந்தார். நலிந்த உடலினர் என்று கருதி அவருக்கென ஒரு கட்டில் இரவல் வாங்கிப் போட்டிருந்தனர். எல்லாரும் தரையில் படுப்பதை அறிந்ததும் அவர் அக்கட்டிலை அகற்றச் செய்து, தம் படுக்கையையும் தரையிலேயே விரித்துக்கொண்டார்.

1913இல் போராட்டம் புதிய உருவம் கொண்டது. கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்னும் தீர்ப்பும், ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்மீது சுமத்திய 3 பவுன் தலைவரியும் பெண்டிரையும் களத்தில் இறக்கின. கஸ்தூரிபாய் பீனிக்சிலிருந்து புறப்பட்டுச் சிறை புகுந்தார். பண்ணையில் கஞ்சி குடித்துக் கணவருக்காகக் காத்திருந்த மகளிர் பதினொருவர் நியூகாசில் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினர். அவருள் ஒருவர் தவிர ஏனையோர் தமிழ்ப் பெண்டிர். மூன்று திங்கள் கடுங்காவல் அவர்களுக்குக் கிடைத்தது. சிறையில் நோயுற்று வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் இளம்பருவத்திலேயே உயிர் நீத்தார்.

1913 நவம்பர் 6ஆம் நாள் ஆடவர் 2,037 பேரும் மகளிர் 127 பேரும் பிள்ளைகள் 57 பேரும் காந்தியாருடன் எல்லை கடந்து நடந்தனர். அவர்கள் சேரக் கருதிய இடம் டால்ஸ்டாய் பண்ணையே. இவ்வளவு பேருக்கும் வழியில் உணவு எவ்வாறு? ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒன்றரை இராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சருக்கரையும் என்று அளவிட்டு, வெள்ளையரான ரொட்டிக் கடைக்காரர் ஒருவரோடு ஏற்பாடு செய்திருந்தனர். அவர் எடையும் தவறாமல் நாளும் தவறாமல் இரயிலில் அனுப்பினார். புறப்படுமுன் தங்கியிருந்த ஊரில் சோறு பரிமாறியவர் காந்தியாரே. ஒருநாள் பருப்பில் நீர் மிகும். ஒருநாள் சோறு வேகாதிருக்கும். சிலவேளை அளவும் குறையும். இருப்பது இவ்வளவு, உண்போர் இவ்வளவு பேர் என்று அவர் கணக்கைச் சொல்லிவிடுவார். கேட்டவர் முறுவலித்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு நகர்வர். கரண்டி பிடித்தவர் கையில் வஞ்சம் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பண்ணையை அடையுமுன் யாவரும் கைதாகித் திருப்பி அனுப்பப்பட்டனர்; ஆயினும் வேலைநிறுத்தம் பரவியது. 1914இல் தலைவரி நீங்கியது. இந்தியர் திருமணங்கள் ஏற்கப்பட்டன.

அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாள் காந்தியார் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். கஸ்தூரிபாயும் காலன்பாக்கும் உடன் சென்றனர். மூவர்க்கும் கப்பலில் மூன்றாம் வகுப்புச் சீட்டு. பழமும் கொட்டைப் பருப்புமே உணவு. எல்லாவற்றையும் துறந்துவிட்ட காலன்பாக்கிடம் விலையுயர்ந்த தொலைநோக்கிக் கண்ணாடியின்மீது மட்டும் ஆசை எஞ்சியிருந்தது. எளிய வாழ்வுக்கு அது ஒவ்வுமா என்று நண்பர் இருவரும் நாள்தோறும் வாதிட்டனர். ஒருநாள் அறையின் சாளரத்தருகே நின்று பேசுகையில், நம்மிடையே இப்பூசல் எதற்கு, இதனைக் கடலில் எறிந்துவிடலாமே என்றார் காந்தியார். காலன்பாக் உடனே இசைந்தார். அதன் விலை 7 பவுன். முன்னர் ஜோகன்னஸ்பர்க் வீட்டில் மாவு அரைக்க வாங்கிய திரிகையின் விலையும் அதுவே. காசுக்குக் காசு கணக்கு எழுதியவர் 7 பவுனைக் கடலில் எறியச் சொன்னது முரண் போலத் தோன்றலாம். காந்தியாரோ அதன் விலையை எண்ணவில்லை; நண்பரின் ஆசை எவ்வளவு என்பதையே எண்ணினார். அவர் சொல்லி முடிக்கவும், கண்ணாடி அலையில் விழவும் சரியாக இருந்தது.